கையை மாற்றச் சொன்னேன்

என் மகள் வலக்கையால்தான் எழுதுகிறாள். எழுத்தும் வடிவாக இருக்கிறது; பள்ளிக்கூடத்தில் பாராட்டுகிறார்கள். ஆனால் எழுதும்போது இடக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். அப்படிச் செய்யும்படி யாரும் சொன்னதில்லை. எழுதி முடித்து எழும்பும்போது அந்தக் கை வெளிறிப்போயிருக்கும். கதிரையின் பிரம்புப் பின்னல் உள்ளங்கையில் பதிந்திருக்கும். என் இரண்டு கைகளுக்குள்ளும் அதை வைத்துத் தேய்த்துவிடுவேன். "நோகேல்லை அம்மா" என்பாள்.

தேய்க்கும்போதெல்லாம் கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை என் நினைவுக்கு வரும். மனத்துக்குள் அந்தக் காலையை எத்தனையோ விதமாக நடத்திப் பார்த்துவிட்டேன். ஒரு முறையாவது அதை நடந்தபடியே எழுதிவைக்கலாமென்று இருக்கிறேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் மேல்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் புகைபோக்கிகள் தெரியும். கரித்தூள் பறந்துவந்து கொடியில் காயும் துணிகளில் படியும். என் கணவர் கோட்டையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அவருடைய ஒரே தங்கையான என் மச்சாள் எங்களோடு இருந்தாள். தாய் தகப்பன் இருவரும் காலமாகிவிட்டதால் அண்ணன்தான் அவளுக்கு எல்லாம். அண்ணன் காலையில் கந்தோருக்குப் போனால் பின்னேரம்வரை நான்தான் எல்லாம். நான் மணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பள்ளிக்கூடச் சட்டையோடு திரிந்தாள். தலை பின்னிவிட்டு, மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்து, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்து, தாயாக இருப்பது எப்படியென்று நான் பழகியதே அவளிடம்தான். பிறகுதான் மகள் பிறந்தாள்.

மகளுக்கு நாலு வயது நடக்கும்போது மச்சாளுக்கு மலாயாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அந்த நாளில் மலாயா மாப்பிள்ளை என்றால் மறுபேச்சில்லை. றெயில்வேயில் வேலை, அரசாங்க வீடு, பிறகு பென்சன். லீவில் வந்து கலியாணத்தை முடித்துக்கொண்டு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுவார். அனுப்பியிருந்த படத்தில் அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யாத முகத்தோடு நின்றார். எனக்கு அந்த முகம் பிடித்திருந்தது. என்னைப்போல ஒருவர் என்று நினைத்தேன்.

அதே நேரத்தில் மச்சாள் படித்த பள்ளிக்கூடத்தில் அவளைக் கீழ்வகுப்புக்கு ஆசிரியையாக எடுக்கக் காத்திருந்தார்கள். அது கொட்டாஞ்சேனையிலேயே கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடம். சீனியர் பரீட்சை முடிந்தபிறகு அவள் அங்கே சின்னப் பிள்ளைகளோடு உதவிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். பயிற்சிக்கு அனுப்புவதும் தங்கள் பொறுப்பென்று தலைமைக் கன்னியாஸ்திரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் மச்சாள் என் மகளைச் சுவரோரம் உட்காரவைத்து, மற்றப் பிள்ளைகளுக்குப் பதிலாகத் தலையணைகளை வரிசையாக அடுக்கி வகுப்பு நடத்துவாள். அதில் ஒரு தலையணை பெரிய குழப்படி. அதை ஏசி மூலைக்கு அனுப்புவாள். மகள் சிரித்துச் சிரித்துப் பாயில் உருளுவாள்.

எது நல்லது? ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியிருந்தது. குண்டு விழுந்தால் கொழும்புத் துறைமுகத்தில் விழும், மலாயாவுக்கு ஒன்றும் வராது என்று படித்தவர்களே சொன்னார்கள். மறுபக்கம், கடல் கடந்த ஊரில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? அரிசி கழுவும்போது பள்ளிக்கூடமே போதுமென்று தோன்றும். துணி மடிக்கும்போது நல்ல இடத்தை விடலாமா என்று தோன்றும். இதற்கிடையில் தீபாவளியும் வந்துகொண்டிருந்தது. புறக்கோட்டைக்குப் போய்த் துணி எடுத்தேன். தையற்காரியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் அளவு கொடுத்தேன். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் பெண்பிள்ளையிடம் அதை நேருக்கு நேர் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் பழக்கம். நானும் பார்த்தேன். ஒரு நாள் முகம் வாடியிருந்தது, ஒரு நாள் மலர்ந்திருந்தது. எதை எதனோடு சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

என் கணவருக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தோர் நண்பர்கள் சிலர் எங்கள் விறாந்தையில் கூடுவார்கள். பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய இங்கிலீஷ் தத்துவப் புத்தகங்களை மாறி மாறிப் படித்துவிட்டு வந்து வாதாடுவார்கள். மனிதன் எதையும் தானாகத் தெரிந்தெடுப்பதில்லை, தெரிந்தெடுத்ததாக நினைத்துக்கொள்கிறான் என்பது என் கணவரின் கட்சி. மழைக்குக் காரணம் இருப்பதுபோல மனம் ஒரு பக்கம் சாய்வதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு முன்னால் ஒரு காரணம், அதற்கு முன்னால் இன்னொன்று.

"அப்ப விதி எண்டு சொல்லிவிடன்" என்றார் ஒரு நண்பர்.

"விதி எண்டா ஆரோ இருந்து எழுதினது. இது ஒருத்தரும் எழுதேல்லை. ஒண்டிலையிருந்து ஒண்டு வருது. வராமல் இருக்க ஏலாது, அவ்வளவுதான்."

"சரி மச்சான். போன மாதம் நீ என்ரை குடையைக் கொண்டு போனாய். அதுவும் வராமல் இருக்க ஏலாததோ?"

"அதுக்கும் காரணம் இருக்கு."

"காரணம் மழை. மழை விட்டிட்டுது. குடையைத் தா."

விறாந்தை அதிரச் சிரித்தார்கள். தேத்தண்ணி கொண்டுபோன நானும் சிரித்துவிட்டேன். குடை எங்கள் கதவுக்குப் பின்னால்தான் தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் நான் கணவரிடம் கேட்டேன், "பூக் கட்டிப் பாப்பமே?"

ஒரு காரியத்தில் முடிவு காண முடியாவிட்டால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொதிந்து கட்டிச் சுவாமிக்கு முன்னால் வைத்து, ஒரு குழந்தையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பார்கள். வருகிற பூவின் நிறம்தான் பதில்.

"உமக்குப் படிப்பிச்ச கன்னியாஸ்திரியள் கேட்டா என்ன சொல்லுவினம்?" என்றார்.

"அவையளுக்குக் கட்டிக்குடுக்க மச்சாள்மார் இல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கட்டும். எந்தப் பூ வரவேணுமோ அதுதான் வரப்போகுது."

வெள்ளிக்கிழமை விடிய ஒரு நந்தியாவட்டைப் பூவையும் ஒரு சிவப்பு அலரியையும் பறித்து, வாழை இலைத் துண்டுகளில் பொதிந்து நாரால் கட்டினேன். ஒன்று கொஞ்சம் பருத்துத் தெரிந்ததால் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். வெள்ளை வந்தால் மலாயா. சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டும் ஒரே மாதிரி ஆனபிறகு எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. கணவர், மச்சாள், மகள், நான் நால்வருமாகக் கோயிலுக்கு நடந்தோம்.

ஐயர் பொதிகளை வாங்கிப் பிள்ளையாரின் முன்னால் வைத்துத் தீபம் காட்டிவிட்டு, தட்டில் கொண்டுவந்து என் மகளுக்கு முன்னால் நீட்டினார்.

என் மகள் பிறப்பிலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவள். அதை மாற்றிவிட வேண்டுமென்பதில் நான் கண்ணாக இருந்தேன். சோறு தீத்தத் தொடங்கிய நாளிலிருந்தே, அவள் இடக்கையை நீட்டும்போதெல்லாம் என் வாயில் ஒரே சொல்தான் வரும். சோறு உண்ணும் கையைச் சோத்துக்கை என்போம். என் தாய் என் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்த சொல் அது. கோபமாகச் சொல்வதில்லை. சட்டையில் ஒரு நூல் தொங்கினால் கை தானாகப் போய் இழுப்பதுபோல் அது வந்துவிடும்.

மகள் தட்டைப் பார்த்தாள். இடக்கையை நீட்டி ஒரு பொதியை எடுத்தாள்.

"சோத்துக்கை!" என்றேன்.

பிள்ளை திடுக்கிட்டாள். எடுத்த பொதியைத் தட்டிலேயே போட்டாள். வலக்கையால் மற்றப் பொதியை எடுத்தாள்.

கையை மாற்றத்தான் நான் சொன்னேன். அவள் பொதியையும் சேர்த்து மாற்றினாள். ஏச்சு வாங்கிய பிள்ளைக்குத் தான் எடுத்த பொருள்தான் பிழையென்று தோன்றுமே தவிர, எடுத்த கை என்றா தோன்றும்? இப்போது இது எனக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

ஐயர் பொதியைப் பிரித்தார். வெள்ளை.

"அப்ப முதல் எடுத்தது சிவப்பு" என்றார் என் கணவர். "முதல் எடுத்ததெல்லோ கணக்கு?"

ஐயருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "இடக்கையாலை எடுத்ததை எப்பிடி எடுத்ததெண்டு சொல்லுறது? அம்மாவும் மாத்தச் சொன்னவ."

"பிள்ளையாருக்கு எந்தக் கையெண்டு கவலையோ, ஐயா?"

பின்னால் அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஒரு மனுசிக்குப் பொறுமை போயிற்று. "வெள்ளை வந்தா நல்லதுதானே, கொண்டு போங்கோவன். நான் சோத்தை அடுப்பிலை விட்டிட்டு வந்தனான்."

மச்சாள் அழத் தொடங்கிய என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, வெளிவீதிக்குக் கொண்டுபோய்க் காகங்களைக் காட்டினாள். எனக்கு அவளுடைய முதுகு மட்டுந்தான் தெரிந்தது. திரும்பவும் ஒருமுறை கட்டலாமோ என்று எனக்குத் தோன்றியது. வெள்ளை வந்தபிறகு அப்படிக் கேட்பது அபசகுனம்போலப் பட்டது. சொல்லாமல் விட்டேன்.

தை மாதம் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை படத்தில் இருந்ததுபோலவே நல்ல அமைதியான மனிதர். கப்பல் ஏற்றுவதற்கு எல்லோரும் துறைமுகத்துக்குப் போனோம். கப்பலுக்குக் கொண்டுபோகும் படகில் இறங்கும்போது மச்சாள் என் மகளைப் பார்த்து, "மாமிக்குக் கை காட்டு" என்றாள். பிள்ளை கையைத் தூக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். மச்சாளுக்கு விளங்கிவிட்டது. "ரெண்டு கையையும் ஆட்டடி!" என்று அங்கிருந்து கத்தினாள். பிள்ளை இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். படகு மறையும்வரை ஆட்டினாள்.

மலாயாவிலிருந்து கடிதங்கள் ஒழுங்காக வந்தன. சமைக்கும்போது குசினிச் சன்னலால் பார்த்தால் றப்பர் மரங்கள் தெரியுமாம். மாப்பிள்ளைக்குத் தேங்காய்ப்பால் சொதி வைக்க இவளைவிட நன்றாகத் தெரியுமாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் யப்பான்காரர் மலாயாவுக்குள் இறங்கினார்கள். கடிதம் நின்றது.

கொழும்பிலும் குண்டு விழுந்தது. எங்கள் பின் சன்னலின் கண்ணாடி நொறுங்கியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிள்ளையை வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் வீடு எடுத்தோம். ஒழுங்கையின் முடிவில் றெயில் பாதை, அதற்கப்பால் கற்கள், அதற்கப்பால் கடல். றெயில் போகும்போது அலுமாரியில் கோப்பைகள் நடுங்கும். அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்காக நாங்கள் ஒரு செய்திக்குக் காத்திருந்தோம்.

அந்தக் காலத்தில்தான் இனிப் பிள்ளையின் கையைப்பற்றி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். சாப்பாட்டுக்கு இருந்தோம். அவள் இடக்கையால் பப்படத்தை எடுத்தாள். "சோத்துக்கை" என்ற சொல் வெளியே விழுந்தபிறகுதான் நான் சொல்லிவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது. சொல்லக் கூடாதென்று அன்று காலையில்தான் உறுதி எடுத்திருந்தேன். மறுநாளும் அப்படித்தான். எனக்குப் பயமாகிவிட்டது. கணவர் சொல்வதுதான் உண்மையோ?

ஒரு பின்னேரம் அவரிடம் அதைச் சொன்னேன்.

"அதைத்தானே நான் இவ்வளவு நாளும் சொல்லுறன்" என்றார், என்னை ஆற்றும் குரலில். "ஏன் நீர் உம்மையே தின்னுறீர்? அண்டைக்குக் கோயிலிலை அந்தச் சொல்லைச் சொல்லாமல் உம்மாலை இருந்திருக்க ஏலாது. உமக்கு அதைப் பழக்கினது உம்மட அம்மா. அவவுக்கு அவவின்ரை வீடு. இப்பிடியே பின்னாலை போம். எங்கை நிப்பாட்டப் போறீர்?"

"நான் என்னிலை நிப்பாட்டுறன்" என்றேன்.

"அது நியாயமில்லை."

"நியாயமில்லைத்தான். ஆனா நான் 'சோத்துக்கை' எண்டு கத்தாட்டி, பிள்ளை அந்தச் சிவப்பையே எடுத்துத் தந்திருப்பாள். உங்கட தங்கச்சி இண்டைக்கு இஞ்சை இருந்திருப்பாள்."

அவர் எழும்பிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லக்கூடிய அந்த மனிதரின் தோள்கள் குலுங்கியதை நான் கண்டேன். பக்கத்தில் போகவில்லை. அவருடைய கொள்கை அவருக்கு என்ன ஆறுதலைக் கொடுத்ததோ தெரியாது. எனக்கு அது வேண்டாமென்று இருந்தது. ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் வந்த வழியே வந்தது என்றால், மன்னிப்புக் கேட்கவும் எனக்கு இடமில்லை. பிழை என்னுடையதென்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் அவளிடம் கேட்கலாம். அந்தப் பிழையை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

மகள் அறைக்குள் இருந்ததை நான் மறந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிடும்போது கேட்டாள், "அம்மா, மாமியை நானோ அனுப்பினது?"

"ஆர் சொன்னது?"

"எந்தக் கையாலை அனுப்பினனான்?"

"இல்லை, இல்லை. நீ ஒருத்தரையும் அனுப்பேல்லை" என்றேன். அவசரமாகச் சொன்னேன், குரல் உடைந்துவிட்டது. பிள்ளைகள் சொல்லைக் கேட்பதில்லை, குரலைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கிழமைதான் அவள் முதல்முறையாகக் கையின்மேல் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். உண்மையில் வெள்ளைப் பூவை எடுத்தது வலக்கை. ஏச்சு வாங்கியது இடக்கை. அவள் ஏச்சு வாங்கிய கையை ஒளித்துக்கொண்டாள்.

யுத்தம் முடிந்தும் நெடுநாள் சென்றபிறகு ஒரு கடிதம் வந்தது. மச்சாள் உயிரோடு இருந்தாள். அவளுடைய கணவர் இல்லை. சியாம் பக்கம் றெயில் பாதை போட யப்பான்காரர் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். அங்கே காய்ச்சலில் இறந்துவிட்டார். பிறகு கப்பல் கிடைத்து அவள் வந்து சேர்ந்தாள். கொண்டுபோன பெட்டிதான் கையில் இருந்தது, அதே பித்தளைப் பூட்டோடு. கழுத்தும் கைகளும் வெறுமையாக இருந்தன. மெலிந்து, கறுத்து, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தாள். அவளை வரவேற்க நின்ற என் மகளின் தலையில் கைவைத்து, "இவ்வளவு உயரமோ!" என்றாள். மகள் வலக்கையால் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். இடக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சில நாட்கள் கழித்துப் பின்னேரம் மூவரும் றெயில் பாதையைக் கடந்து கற்களில் போய் உட்கார்ந்தோம். மகள் கீழே சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மச்சாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இந்தப் பிள்ளை ஏன் ஒரு கையைப் பின்னாலை வைச்சுக்கொண்டு திரியிறாள்?"

சொன்னேன். கோயிலில் நான் கத்தியதையும், பிள்ளை பொதியை மாற்றியதையும், அவள் அறைக்குள்ளிருந்து கேட்டதையும் சொன்னேன். இத்தனை வருஷமாக மனத்துக்குள் சொல்லிப் பழகிய மன்னிப்பையும் கேட்டேன். அவள் அழுவாள் அல்லது என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன்போல. அவள் வியப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் இவ்வளவு காலமும் அந்தப் பூவையோ நினைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?"

"அந்தச் சிவப்பை விட்டிருந்தா நீ போயிருக்க மாட்டாய்."

"போயிருப்பன். சிவப்பு வந்திருந்தா அடுத்த வெள்ளி திரும்பக் கட்டியிருப்பியள். அண்ணனும் ஓமெண்டிருப்பார்."

"அப்பிடிச் சொல்லாதை, பிள்ளை. எனக்கு உண்மையா முடிவு தெரியாமல்தான் இருந்தது."

"தையற்காரி எப்ப வந்தவ, அண்ணி?"

எனக்கு விளங்கவில்லை.

"பூக் கட்டினதுக்கு ஒரு கிழமை முந்தி வந்தவ. என்னைச் சுத்திச் சுத்தி அளவு எடுத்தவ. பட்டுத் துணியிலை சட்டை ஒரு அடுக்கு. உள்பாவாடை. அவ கூடப் பகிடி பண்ணினவ, 'தங்கச்சிக்கு மட்டும் இந்த முறை எத்தினை தீபாவளி?' எண்டு. நீங்கள் அப்ப குசினிக்குள்ளை போயிட்டியள்."

கடல் கற்களில் மோதிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தத் துணிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. குங்குமநிறப் பட்டு; மாம்பழ மஞ்சள். புறக்கோட்டைக் கடையில் நின்றுகொண்டு, கப்பலில் காற்றடிக்கும், கை நீளமாக இருந்தால் நல்லது என்று நான் நினைத்தது நினைவுக்கு வந்தது. கப்பல்! அப்போது இன்னும் பூவே கட்டவில்லை. அரிசி கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் மாறி மாறி யோசித்த நான் ஒருத்தி. கடையில் நின்று கப்பலுக்குத் துணி எடுத்தவள் இன்னொருத்தி. அவள் எப்போது முடிவு செய்தாள் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை.

"தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனி?"

"என்னத்தைப் பேச? உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒரு பாரம். நல்ல இடம். எனக்கு விளங்கினது." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள், "அவர் நல்ல மனிசன், அண்ணி. அவரோடை இருந்த காலம் வேண்டாமெண்டு என்னாலை சொல்ல ஏலாது. அதாலை நீங்கள் மன்னிப்புக் கேட்டா எனக்கு என்ன மறுமொழி சொல்லுறதெண்டு தெரியேல்லை."

அதற்குமேல் நான் பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டேன். "நான் உன்னைக் கேட்டிருந்தா? பள்ளிக்கூடமோ மலாயாவோ எண்டு நேரே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

"உங்கட விருப்பம் எண்டுதான் சொல்லியிருப்பன். வேறை என்ன சொல்லத் தெரியும் எனக்கு?" ஒரு சிறு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள். "ஆனா கேட்டிருந்தா, என்னை ஒருக்கால் கேட்டவை எண்ட நினைப்பாவது அங்கை என்னோடை இருந்திருக்கும்."

இருட்டுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

இப்போது அவள் வெள்ளைச் சேலை உடுத்து, காலையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போகிறாள். அதே பள்ளிக்கூடம், அதே கீழ்வகுப்பு. "பாத்தீரே, கடைசியிலை அங்கைதான் போய்ச் சேர்ந்தாள்" என்று என் கணவர் ஒருநாள் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை. சுற்றிவந்து ஒரே இடத்தில் நிற்பதும், போகாமலே அந்த இடத்தில் நிற்பதும் ஒன்றா?

அவர் சொல்வதைப் பொய்யென்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. நான் கேட்காமல் விட்டதற்கும் காரணம் இருந்திருக்கும். என்னையும் ஒருவரும் கேட்டுக் கட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கும். எல்லாம் சரி. ஆனாலும் மச்சாளின் குங்குமமில்லாத நடுவகிட்டைப் பார்க்கும்போது என் கண் தானாக விலகிவிடுகிறது. நடந்திருக்கவே முடியாத ஒன்றுக்காக ஒருத்தி இப்படி வருந்தலாமா என்று தெரியவில்லை. வருந்தாமல் இருக்கவும் தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம் மகள் எழுத உட்கார்ந்தாள். இடக்கை வழக்கம்போலத் தொடைக்கு அடியில் போகப் பார்த்தது. நான் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளிடம் கேட்டேன்.

"பிள்ளை, உனக்கு எந்தக் கையாலை எழுத விருப்பம்?"

அவள் பென்சிலை மேசையில் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், திரும்பவும் கண்ணைப் பார்த்தாள். நான் மச்சாளின் முகத்தைப் பார்த்ததுபோலவே பார்த்தாள்.

"அம்மாவுக்கு எது விருப்பம்?" என்றாள்.

முகத்தில் எதையும் அவள் வாசித்துவிடக் கூடாதென்று நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு றெயில் போனது. அலுமாரியில் கோப்பைகள் நடுங்கி ஓய்ந்தன. பிறகு தாளில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. அவள் எழுதி முடிக்கும்வரை நான் திரும்பவில்லை.

எழும்பி என்னிடம் வந்து, தேய்த்துவிடும்படி இடக்கையை நீட்டினாள். உள்ளங்கையில் பிரம்புப் பின்னல் பதிந்திருந்தது.